பிடித்துவிடுதலும் பிடித்துவைத்தலும்: கரியமில வாயுவும் நம் கலைச்சொற்களும்



மொழியியல் படித்து, மொழியியலே கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு ஆலைப் புகையோடு என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கேள்வி முறையானதே; விடைதான் சற்று வெட்கத்திற்குரியது. பல ஆண்டுகளுக்கு முன் கலைச்சொற்குழு ஒன்றில் நான் உறுப்பினனாக இருந்தேன். தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்திற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்றார்கள். 'கரிச்சிறை' என்று நான் முன்மொழிந்தேன். சொல் சுருக்கமாக இருந்தது, ஓசையும் நன்றாக இருந்தது, ஒருவரும் மறுக்கவில்லை. அந்தத் தொழில்நுட்பம் எவ்வாறு இயங்குகிறது என்று நானும் கேட்கவில்லை, குழுவில் வேறு எவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஜாசின் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குப் பேசப் போயிருந்தேன். என் சொல்லைப் பெருமையோடு எடுத்துச் சொன்னேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சிறையில் போட்டால் எத்தனை நாள் உள்ளே இருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. வீடு திரும்பித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என் சொல் தவறான சொல் என்பது தெளிவாயிற்று. பொது அவையில் வழங்கிய சொல்லைப் பொது அவையிலேயே திரும்பப் பெறுவதுதான் முறை. அதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

தோட்டத்து ஸ்டோரில் கற்ற வேதியியல்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896இல் இந்த மலாக்கா மண்ணில்தான், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்பவரால் போடப்பட்டது. அவர் அடுத்துப் புக்கிட் அசஹானிலும் தோட்டம் திறந்தார். அப்படி விரிந்த தோட்டங்களுள் ஒன்றில்தான் நானும் பிறந்து வளர்ந்தேன். என் தந்தையார் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்றால் கடையன்று. பால் வந்து சேரும் தோட்டத்து ஆலை. என் வயதுடையோருக்கு விளக்க வேண்டியதில்லை, மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த ஸ்டோரில் இரண்டு பொருள்கள் எப்போதும் இருக்கும். ஒன்று அம்மோனியா. ரப்பர்ப் பால் உறைந்துவிடாமல் நீர்மமாகவே இருக்க வேண்டுமானால் அம்மோனியாவைக் கலப்பார்கள். மூடியைத் திறந்த உடனே மூக்கை அறுக்கும். கண்ணில் நீர் கொட்டும். மற்றொன்று பார்மிக் அமிலம். பால் உறைந்து தட்டையாக வேண்டுமானால் இதை ஊற்றுவார்கள். அம்மோனியா காரம்; பார்மிக் அமிலம் பெயரிலேயே அமிலம். காரமும் அமிலமும் ஒன்றையொன்று நாடி, சேர்ந்து, ஒன்றன் குணத்தை மற்றொன்று அடக்கும். பள்ளிக்கே போகாத தோட்டத் தொழிலாளரும் எவ்வளவு அம்மோனியா விட்ட பாலுக்கு எவ்வளவு ஆசிட்டு வேண்டும் என்று கைக்கணக்கில் அறிந்திருந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் கரியமில வாயு ஆராய்ச்சியின் அடிப்படையும் இதுவே. 'கரியமில வாயு' என்னும் பழைய சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. நீரில் கரைந்தால் அமிலமாகும் கரிவாயு என்பது பொருள். பின்னர் வந்த 'கார்பன் டை ஆக்சைடு', இலங்கைத் தமிழர் வழங்கும் 'காபனீரொட்சைட்டு' ஆகியன அந்த வாயுவின் உறுப்புகளை எண்ணிச் சொல்கின்றன: கார்பன் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு. பழைய சொல்லோ அதன் குணத்தைச் சொல்கிறது. உறுப்புக் கணக்கு ஏட்டுக்கு வேண்டும்; அதைப் பிடிக்க நினைப்பவனுக்குக் குணம் தெரிய வேண்டும். அது அமிலக் குணமுடையது. ஆதலால் காரத்தைக் கொண்டு பிடிக்கலாம்.

சுண்ணாம்பு நீரும் அமினும்

தமிழ்ப்பள்ளி அறிவியல் அறையில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழல் வழியே மெல்ல ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அந்த நீர் பிடித்துக்கொண்டது என்பதற்கு அதுவே சான்று. நீர்மத்தைக் கொண்டு வாயுவைப் பிடிக்கும் முறையின் மிக எளிய வடிவம் இது.

அப்படியானால் ஆலைப் புகையையும் சுண்ணாம்பு நீரிலேயே விட்டுவிடலாமே என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டும். பிடித்த சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல்லாகிவிடுகிறது. அதிலிருந்து வாயுவை விடுவித்து மீண்டும் சுண்ணாம்பாக்க வேண்டுமானால் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் சுட்டவர்கள் அந்தச் சூளையின் வெம்மையை அறிவார்கள். இறுகப் பிடித்தது எளிதில் விடாது. விடாவிட்டால் ஒவ்வொரு நாளும் மலைமலையாகப் புதுச் சுண்ணாம்பு வேண்டியிருக்கும்.

ஆகவே வேதியியலார் தேடியது, போதிய அளவு பிடித்து, மிதமான சூட்டில் விட்டுவிடும் நீர்மம். அது அம்மோனியாவின் குடும்பத்திலேயே கிடைத்தது. அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஹைட்ரஜன் ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு கார்பன் தொடரைப் பொருத்தினால் கிடைப்பது அமின். அமின்களைக் கொண்டு அமில வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு அமெரிக்கர் ராபர்ட் பாட்டம்ஸ் 1930இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக வைக்கப்படுவது, நூற்றுக்கு முப்பது பங்கு மோனோ எத்தனால் அமின் கலந்த நீர்.

இம்முறை இயங்கும் விதம் இது. இரண்டு உயர்ந்த கோபுரங்கள். முதற்கோபுரத்தில் ஆறிய புகை கீழிருந்து மேலே ஏறும். அமின் நீர் மேலிருந்து கீழே வழியும். ஏறத்தாழ 40 பாகையில் அமின், வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த நீர்மம் இரண்டாம் கோபுரத்திற்குப் போகும். அங்கே ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். தூய கரியமில வாயு மேலே பிரிந்து போகும். வெறுமையான நீர்மம் முதற்கோபுரத்திற்குத் திரும்பும். ஒரே நீர்மம் இரவும் பகலும் பிடித்தும் விட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செலவெல்லாம் அந்த 'விடுதலில்' இருக்கிறது. வழக்கமான அமின் நீரிலிருந்து ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க, ஏறத்தாழ ஒன்றரை டன் நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்குவதற்கு ஈடான வெப்பம் வேண்டும். மேலும், புகையில் எஞ்சிய ஆக்சிஜனும் கந்தக டை ஆக்சைடும் அமினைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். இரும்புக் குழாய்கள் அரிக்கும். நீர்ம ஆராய்ச்சி என்று இன்று நடப்பதன் பெரும்பகுதி, குறைந்த வெப்பத்தில் விடக்கூடிய, நீண்ட நாள் கெடாத நீர்மத்தைத் தேடும் முயற்சியே. அம்முயற்சியில் பெரிதும் பேசப்படும் பொருள்களுள் ஒன்று பைப்பரசின். குடற்புழுவுக்கு மருந்தாகவும் வழங்கிய பொருள் அது. அதன் பெயர் மிளகைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்த இலத்தீன் சொல்லோ கிரேக்கத்தின் வழியாக நம் திப்பிலியின் இனச்சொல்லாகிய 'பிப்பலி' வரை போய்ச் சேர்கிறது. மொழியியலானுக்கு இத்தகைய சிறு மகிழ்ச்சிகளும் வழியில் கிடைக்கின்றன.

கடாரத்து ஆலை

இவையெல்லாம் எங்கோ நடக்கும் செய்திகள் என்று எண்ண வேண்டா. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. கெடா மாநிலத்தில், ஜெராய் மலையடியில், குரூண் என்னும் ஊரில் பெட்ரோனாஸ் உர ஆலை இருக்கிறது. நம் வரலாற்றுப் பாடத்தில் கடாரம் என்று படிக்கும் நிலப்பகுதி. ஜப்பானிய மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம், கன்சாய் மின்சார நிறுவனத்தோடு சேர்ந்து கே.எஸ்.1 என்னும் புது அமின் நீர்மத்தை உருவாக்கியது. அந்நிறுவனம் வணிக முறையில் அமைத்த முதல் கரியமில வாயு மீட்பு ஆலை, 1999இல் இந்தக் குரூண் உர ஆலையில்தான் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 டன் பிடிக்கும் ஆற்றலுடையது.

கே.எஸ்.1இன் சிறப்பை எளிதாகச் சொல்லலாம். வழக்கமான அமினில் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றைப் பிடிக்க இரண்டு அமின் மூலக்கூறுகள் தேவைப்படுகின்றன. இவ்வகை அமினில் நைட்ரஜனுக்கு அருகே பருத்த கிளை ஒன்று இருப்பதால் பிடி சற்றே தளர்கிறது. ஒன்றுக்கு ஒன்றே போதும். விடுவதற்கும் குறைந்த வெப்பம் போதும். இதே குடும்ப நீர்மம் பின்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2017இல் தொடங்கிய பெட்ரா நோவா ஆலையிலும் பயன்பட்டது. அங்கே நாளொன்றுக்கு 4,700 டன்னுக்கும் மேல் பிடிக்கும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. அந்த வளர்ச்சியின் முதற்படி நம் கெடாவில் இருக்கிறது என்பது நம் மாணவர் எத்தனை பேருக்குத் தெரியும்?

குரூணில் பிடித்த வாயு எங்கே போகிறது? யூரியா உரமாகிறது. அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்தால் யூரியா. இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா செய்யும்போது, கிடைக்கும் அம்மோனியா முழுவதையும் யூரியாவாக்கப் போதிய கரியமில வாயு கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் புகையிலிருந்து பிடித்தது நிரப்புகிறது. நல்ல சிக்கனம். ஆனால் யூரியாவை மண்ணில் இட்ட சில நாள்களில் அது மீண்டும் அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகப் பிரிகிறது. கெடாவில் பிடித்த வாயு, ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு செம்பனைத் தோட்டத்து மண்ணிலிருந்து வெளியேறக்கூடும். அந்த மாணவியின் கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது: சில வாரங்கள்.

தூத்துக்குடி

தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. தூத்துக்குடியில் உள்ள ஆல்கலி இரசாயன ஆலை, உப்பு நீர், அம்மோனியா, கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு சோடாச் சாம்பலும் அம்மோனியம் குளோரைடும் செய்கிறது. அம்மோனியம் குளோரைடு நம் சித்த மருத்துவ ஏடுகளில் நவச்சாரம் என்னும் பெயரோடு இருப்பதுதான். அந்த ஆலையின் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து எழும் புகையில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் அமைப்பு 2016இல் தொடங்கியது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் நீர்மம் அங்கே பயன்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிக்கும் அமைப்பு. அரசு மானியம் இன்றி, வணிகக் கணக்கிலேயே நடக்கக்கூடியது என்பதால் உலகச் செய்தியாயிற்று.

உலக நாடுகள் இதைப் பாராட்டியது முறையே. வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டிய வாயுவைத் தன் புகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஆலை, பிறருக்கு வழிகாட்டும் ஆலைதான். எனினும் அதே கேள்வியை இங்கும் கேட்போம். சோடாச் சாம்பல் கண்ணாடி உலைக்குப் போனால், உருகும்போதே கரியமில வாயு வெளியேறிவிடும். சலவைத்தூளாகப் போனால் இன்னொரு வழியில் போகும். பிடித்தது உண்மை, வைத்தது இல்லை.

இரண்டு துணைவினைகள்

இங்கேதான் நான் என் துறைக்குத் திரும்புகிறேன். தமிழில் 'விடு', 'வை' என்னும் இரண்டு வினைகள் தனித்தும் வரும், துணைவினையாகவும் வரும். 'பிடித்துவிட்டான்' என்றால் பிடித்தல் முற்றுப்பெற்றது என்று பொருள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. 'பிடித்துவைத்தான்' என்றால் பிடித்தது பின்னரும் கையில் இருக்கிறது என்று பொருள். கோழியைப் பிடித்துவிட்ட சிறுவன் வேறு. பிடித்துவைத்த சிறுவன் வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ்த்தாய் நமக்குப் பால்குடிப் பருவத்திலேயே கற்பித்துவிடுகிறாள்.

குரூணும் தூத்துக்குடியும் கரியமில வாயுவைப் பிடித்துவிட்ட இடங்கள். பிடித்துவைத்த இடங்களும் உலகில் உள்ளன. நார்வே நாட்டுக் கடலில் சிலைப்னர் என்னும் எரிவாயு வயலில், தோண்டியெடுக்கும் வாயுவோடு கலந்துவரும் கரியமில வாயுவை அமின் நீர்மத்தால் பிரித்து, கடலடியில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் 1996 முதல் செலுத்தி வருகிறார்கள். தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் டன். அந்நாடு 1991இலேயே கரியமில வாயுவுக்கு வரி விதித்திருந்தது. வெளியே விட்டால் செலவு, உள்ளே வைத்தால் சிக்கனம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

நம் நாட்டிலும் சரவாக் கடலில் கசவாரி எரிவாயு வயலிலிருந்து பிரியும் கரியமில வாயுவை, வற்றிய பழைய வயலொன்றில் செலுத்தும் திட்டத்தைப் பெட்ரோனாஸ் மேற்கொண்டுள்ளது. ஆண்டுக்கு 33 இலட்சம் டன் வரை என்பது திட்ட அளவு. அங்கே பிரிப்பதற்கு நீர்மம் அன்று, சவ்வு பயன்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கரியமில வாயுவைப் பிடித்தல், பயன்படுத்தல், வைத்தல் ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2025இல் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தீவகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது அச்சட்டம். நம் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளும் அதன் எல்லைக்குள்தான் நிற்கின்றன. நாளை அச்சட்டத்தைப் பற்றித் தமிழ் நாளிதழ் எழுதும், வானொலி பேசும். அவர்கள் 'பிடித்தல்' என்று மூன்றுக்கும் ஒரே சொல்லை எழுதினால், படிப்பவருக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது தெரியாது.

உலகம் இன்று எரிபொருளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் வைக்கும் ஓரிடம், அதில் முப்பத்தேழாயிரத்தில் ஒரு பங்கை வைக்கிறது. எரிப்பதைக் குறைக்காமல் பிடிப்பதைமட்டும் நம்பியிருக்க இயலாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 'கரிச்சிறை' என்ற என் சொல் இந்தக் கணக்கை மறைத்தது. சிறை என்ற உடனே குற்றவாளி அடைபட்டான், இனி அச்சமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால்தான் அச்சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மாற்றாக ஒரே அழகிய சொல்லை நான் தரப்போவதில்லை. மூன்று எளிய சொற்களைத் தருகிறேன்: கவர்தல், விடுத்தல், வைத்தல். நீர்மம் வாயுவை ஏற்பது கவர்தல். வெப்பத்தால் பிரிவது விடுத்தல். நிலத்தடியில் நெடுங்காலம் இருத்துவது வைத்தல். உரமாகவோ சோடாவாகவோ மாற்றினால் அதைப் 'பயன்படுத்தல்' என்றே சொல்வோம். கவரும் நீர்மத்தைக் 'கரைப்பான்' என்று அகராதிகள் சொல்கின்றன. காப்பியில் சர்க்கரை கரைவதைப்போல என்று மாணவர் எண்ணிவிடுவர். ஆகவே 'கவர்நீர்மம்' என்பது தெளிவு. அமினை அமின் என்றே வழங்குவோம். 'கார்பன் டை ஆக்சைடு' தேர்வுக்கு இருக்கட்டும். 'கரியமில வாயு' என்பதையும் ஒருமுறையேனும் பிரித்துக் காட்டுங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அறிவியலும் கணிதமும் 2003இல் நம் பள்ளிகளில் ஆங்கிலத்திற்கு மாறின. அம்முடிவு 2009இல் கைவிடப்பட்டு, படிப்படியாகத் தமிழ் திரும்பியது. பின்னர் 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. அதைப் பற்றிய வாதங்களை நீங்கள் அறிவீர்கள். நம் பிள்ளைகள் தமிழில் அறிவியல் படிக்கும் காலம் அதிகம் போனால் ஆறே ஆண்டுகள். இடைநிலைப் பள்ளியில் அந்த வாய்ப்பு இல்லை.

ஒரு மொழி ஒரேநாளில் போவதில்லை, துறைதுறையாகப் போகிறது. இம்மலாக்காவிலேயே, காஜா பெராங் செட்டிக் கிராமத்து மக்கள் தம் முன்னோர் வழிபாட்டையும் விழாக்களையும் இன்றுவரை காத்துவருகிறார்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில் அவர்களுடையது. ஆனால் வீட்டில் வழங்குவது மலாய். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் காத்தவற்றுள் பல நம்மிடம் இல்லை. பேசும் வாய்ப்புக் குறைந்த துறையில் சொல் நிற்காது என்பதற்கு மட்டும் அதைக் காட்டுகிறேன்.

அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு நாம் தரும் சொற்கள் வெறும் ஓசையழகோடு நின்றுவிட்டால், தமிழில் அறிவியல் என்பது பெயர்ப்பட்டியல் என்றே அவர்கள் எண்ணுவர். சரியான சொல்லைத் தந்தால், பின்னர் எம்மொழியில் படித்தாலும் "கவர்ந்தது சரி, எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி தமிழில் தோன்றிய கேள்வியாக இருக்கும்.

நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு குவளைச் சுண்ணாம்புத் தெளிநீரை வையுங்கள். மாணவரை ஊதச் சொல்லுங்கள். நீரை உள்ளிழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வெளுத்தபின், அதைத் திரும்பத் தெளியவைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அங்கிருந்து குரூணுக்கும் தூத்துக்குடிக்கும் போக அரைமணி நேரம் போதும்.

ஜாசின் மாணவிக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். இப்பொழிவு அச்சாகி வந்ததும் முதற்படியை அவள் பள்ளிக்கு அனுப்பிவைப்பதாக எண்ணம். அவள் மீண்டும் ஏதேனும் கேட்டால், அதையும் தேடிப் படிப்பேன்.